நான்கு நீலப் புள்ளிகள்

ஊரில் எத்தனையோ பேர் அவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருந்தார்கள். அவருடைய வாயில் மட்டும் கீழ்வரிசையின் முன்பல் நான்கைக் காணோம்.

பல் டாக்டர்கள் வாயை அச்சு எடுத்து அனுப்புவார்கள். லேபில் உட்கார்ந்து அதைப் பல்லாக்கித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. பல்செட் செய்கிறதால் டாக்டர்களிடையே அவருக்குச் செட்டுக்காரர் என்று பெயர். அந்தப் பெயரோடு அவர் வயசும் ஏறியது. ஈறில் நோய் வந்து, பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த எலும்பு கரைந்தபோதுகூட அவர் அடுத்தவர் பல்லைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு பல் ஆடியது. பிறகு பக்கத்துப் பல்லும் அதோடு சேர்ந்துகொண்டது. கடைசியில் டாக்டர் நான்கையும் எடுத்து ஒரு தட்டில் வைத்தபோது, வலியைவிட வெட்கம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

"சலூன்காரரே மொட்டையா நிக்கற மாதிரி ஆச்சு" என்றாள் மனைவி.

அவள் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள். வீட்டில் பேசும்போதும் அந்தக் குரல் லேசில் இறங்காது. அவள் கேலி செய்தால் அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார். முன்பெல்லாம் வாயை மூடாமல்தான் சிரிப்பார்.

மகள் தூர தேசத்தில் வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். பல் போனதிலிருந்து அவர் போனை மேலே தூக்கிப் பிடிக்கப் பழகிக்கொண்டார். மகளுக்கு அவருடைய நெற்றியும் அதற்கு மேலே சுற்றுகிற ஃபேனும் தெரியும்.

"அப்பா, ஃபேனைத் துடைச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்பாள் அவள். அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டாள்.

கழற்றி மாட்டுகிற செட் அவருக்கு வேண்டாம். அதைச் செய்கிறவருக்குத்தான் அதன் அசௌகரியம் முழுசாகத் தெரியும். எலும்பில் ஸ்க்ரூ வைத்து அதன்மேல் நிற்கிற பல்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். வேறு எங்கும் போகவில்லை. பல வருஷமாக அவருக்கு வேலை அனுப்புகிற டாக்டரம்மாவிடமே போனார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.

"பாருங்க அண்ணா. கீழ எலும்பு நல்லா இருக்கு. மேல வர வர கத்தி முனை மாதிரி ஆயிடுது. நாலு ஸ்க்ரூவுக்கெல்லாம் இடமில்ல. ரெண்டு வெக்கலாம். அது மேல நாலு பல்லு நிக்கும்."

"ரெண்டு தூணு, மேல ஒரு பாலம்" என்றார் அவர். அப்படிப்பட்ட பாலங்களை அவர் நிறையச் செய்திருக்கிறார்.

"அதேதான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். எலும்பு வளர்ந்து ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கணும். பிடிக்கலேன்னா ஸ்க்ரூவை எடுக்கும்போது இருக்கற கொஞ்ச எலும்பும் போயிடும். அப்புறம் எலும்பு வெச்சுக் கட்டித்தான் பார்க்கணும். உங்க ஈறு அதுக்குத் தாங்குமான்னு என்னால உறுதி குடுக்க முடியாது. ஒரே வாய்ப்புதான்னு நினைச்சுக்குங்க."

"சரிம்மா."

"பயமா இருக்கா?"

"உங்க கையைப் பத்தித் தெரியும். என் எலும்பைப் பத்தித்தான் தெரியாது."

ஸ்க்ரூ வைத்த அன்று, தாடை மரத்துப்போன பிறகும் அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. எந்தக் கருவி எப்போது சத்தம் போடுகிறது, எலும்பில் சூடு ஏறாமலிருக்க எப்போது தண்ணீர் விழுகிறது என்று அவரால் சொல்ல முடியும். ஆனால் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடக்கிறவனுக்குத் தெரிந்த வித்தையால் என்ன பயன்? வேலை இல்லாத அவர் கைகள் வயிற்றின்மேல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கிடந்தன.

எல்லாம் முடிந்தபோது ஈறுக்கு வெளியே இரண்டு சின்ன உலோக மூடிகள் தெரிந்தன. சட்டைப் பொத்தானைவிடச் சின்னவை.

"மூணு மாசம் இது மேல பாரமே விழக்கூடாது" என்றார் டாக்டர். "ஓட்டையோட இருந்தா ரொம்ப நல்லது. முடியலேன்னா தற்காலிகமா பல்லு வெச்ச ஒரு பிளேட் போட்டுக்கலாம், கழட்டி மாட்டறது. அதை நீங்களே பண்ணிக்குங்க அண்ணா. வேற யாரையும் இதுல நான் நம்ப மாட்டேன். கீழ்ப்பல்லு மேல்பல்லுல படக்கூடாது. பிளேட்டோட அடியும் மூடியில படக்கூடாது. சும்மா பார்வைக்குத்தான்."

"தெரியும்மா."

தெரியும் என்பது பொய்யில்லை. அவருக்கு நன்றாகவே தெரியும்.

லேபில் தெரு ஜன்னலை ஒட்டிய மேஜை அவருடையது. எதிரே இன்னொரு மேஜையில், பல்லுக்கு நிறம் பார்க்கிற கூட்டாளி. யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் பல் என்ன நிறம் என்று சொல்லிவிட்டுத்தான் வணக்கமே வைப்பான். அதனால் அவனுக்கு ஷேடு என்று பெயர்.

செட்டுக்காரர் தன் வாயின் பிளாஸ்டர் அச்சைக் கீல் கருவியில் மாட்டினார். மேல்தாடையும் கீழ்த்தாடையும் திறந்து மூடுகிற கருவி அது. நிஜ வாய் எப்படி மூடுமோ அப்படியே மூடும். பல் செய்து முடித்ததும் இரண்டு வரிசைக்கும் நடுவில் மெல்லிய நீலத்தாள் ஒன்றை வைத்துத் தட்டுவார்கள். பல்லும் பல்லும் சந்திக்கிற இடத்தில் நீலப் புள்ளி விழும். ஒரு பல்லில் அழுத்தமாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் விழுந்தால் தேய்க்க வேண்டும். விழவே இல்லை என்றால் கூட்ட வேண்டும். எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி விழுந்தால்தான் வேலை முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு முதலில் படிந்த பாடம் இதுதான். அது மூளையில் இல்லை, விரலில் இருந்தது.

முதலில் டாக்டர் சொன்னபடியே குட்டையாகச் செய்தார். அடியில் மூடிகளுக்கு நல்ல இடைவெளி விட்டார். மாட்டிக்கொண்டு ஷேடுவிடம் காட்டினார்.

ஷேடு எழுந்து வந்து குனிந்து பார்த்தான். "நிறம் கச்சிதம். ஆனா என்னண்ணே, பால் பல்லு மாதிரி இருக்கு."

"அப்படித்தான் இருக்கணுமாம்."

"இருக்கட்டும். ஆனா இதைச் செஞ்சது நீங்கன்னு வெளிய சொல்லாதீங்க."

வீட்டில் மனைவி வெளிச்சத்துக்கு அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "மேல் வரிசை ஆபீசர் கூட்டம். கீழ் வரிசை எல்.கே.ஜி." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவரும் சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில் அவர் பிளேட்டை மேஜைமேல் வைத்தார். நகத்தை வெட்டிப்போட்டால் எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவுதான் நுனியில் கூட்டினார். பார்வைக்குத்தானே. பிறகு பல்லுக்குப் பல் உயரம் வித்தியாசப்பட்டது. அதைச் சரி செய்தார். சரி செய்ததும் இன்னும் கொஞ்சம் கூட்டினால் வரிசை முழுமையாகும் என்று கை சொன்னது. கை சொன்னதைக் கேட்டார். நீலத்தாளை வைத்துத் தட்டினார். நான்கு புள்ளிகள் விழுந்தன. மெருகு ஏற்றினார்.

வாயில் மாட்டி மூடியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உடனே கழற்றினார். தேய்க்கும் மெஷினைக் கையில் எடுத்தார். நுனியில் வைத்தார். தேய்த்தோம் என்று மனசுக்குச் சொல்லிக்கொள்கிற அளவுக்குத் தேய்த்தார். அதற்கு மேல் கை போகவில்லை. இத்தனை வருஷத்தில் சந்திக்க வேண்டிய பல்லைச் சந்திக்காமல் விட்டு அந்தக் கைக்குப் பழக்கமே கிடையாது. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டால் பாரம் எங்கே வரப்போகிறது என்று தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்.

அந்த விஷயத்தில் கண்டிப்பாகவே இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் பிளேட்டைக் கழற்றித் தண்ணீர் கிண்ணத்தில் போட்டுவிடுவார். கஞ்சியும் களியுமாக வயிற்றை நிரப்பினார். மனைவி பொரித்த எதையாவது நீட்டினால் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டுவார்.

மற்ற நேரமெல்லாம் பிளேட் வாயில்தான். பேச்சில் போய்க்கொண்டிருந்த காற்று நின்றது. லேப் போனை அவரே எடுத்துப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை போனை நேராகப் பிடித்தார்.

"அப்பா" என்றாள் மகள். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தாள். பிறகு, "முழுசா தெரியறீங்கப்பா" என்றாள்.

"ஃபேனைத்தான் இனிமே பார்க்க முடியாது."

"ஃபேனை யாரு கேட்டா?"

அவர் யோசிக்காத ஒன்று இருந்தது. நுணுக்கமான வேலை செய்யும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். லேபில் எல்லோருமே அப்படித்தான். மெழுகில் பல்லின் ஓரத்தைச் செதுக்கும்போது மூச்சு அடங்கும், தாடை இறுகும், வேலை முடிந்ததும்தான் தளரும். சாப்பாட்டு நேரத்தில் கிண்ணத்தில் கிடந்த பிளேட், வேலை நேரம் முழுக்க அவர் வாயில் இருந்தது. அவர் அதன்மேல் கடித்தார். மேல்பல் நான்கும் கீழ்ப்பல்லை அழுத்தின. கீழ்ப்பல் பிளேட்டை அழுத்தியது. பிளேட் வளைந்து மூடியை அழுத்தியது. மூடிக்குக் கீழே, இன்னும் பிடிமானம் வராத ஸ்க்ரூ எலும்புக்குள் நாள் முழுக்க அசைந்தது.

இடது பக்கத்து ஈறு சிவந்திருப்பதை ஒரு காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தார். பிரஷ் பட்டிருக்கும் என்று நினைத்தார். இரண்டு நாள் கழித்து அங்கே மந்தமாக ஒரு வலி வந்தது. வலி என்று சொல்ல முடியாது, ஒரு கனம். நாக்கு அங்கே போனது. போகாதே என்றாலும் போனது.

வேறு யாருடைய வாயாக இருந்தாலும் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். தன் வாய் என்றதும், தெரிந்தும் தெரியாதது போல ஒரு வாரம் கடத்தினார்.

"என்னங்க, வாய்க்குள்ள என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கன்னம் இப்படிப் போய்ட்டு வருது?"

"பழக்கம்."

பிளேட்டைக் கழற்றி வைத்தார். மறுநாள் லேபுக்கு ஒரு டாக்டர் நேரில் வந்ததால் மாட்டிக்கொண்டார். அடுத்த நாள் கழற்றினார். ஞாயிறு வந்தது. மகளுக்காக மாட்டினார். திங்கள் காலையில் கழற்ற மறந்துவிட்டார். மறந்தாரா என்று பிறகு தன்னையே கேட்டுக்கொண்டார்.

மூன்று மாசம் முடிந்து டாக்டரிடம் போகிற நாள் வந்தது. அதை மாட்டிக்கொண்டுதான் போனார். ஓட்டை வாயோடு அந்த வரவேற்பறையில் உட்கார அவரால் முடியவில்லை. மனைவியும் விடுப்பு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். "அட" என்றார். "அண்ணா, இது அப்படியே நிஜப் பல்லு." நிஜமாகவே வியந்தார். அந்த ஒரு கணம் அவருக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பிறகு நாள் கணக்கில் கூசிப்போனார்.

டாக்டர் வழக்கம்போல நீலத்தாளை எடுத்தார். "கடிங்க. மெதுவா."

கடித்தார்.

டாக்டர் பிளேட்டைக் கழற்றி விளக்குக்கு அடியில் பிடித்தார். நான்கு பல்லின் நுனியிலும் நான்கு நீலப் புள்ளிகள். ஒன்றுக்கொன்று துளிகூட வித்தியாசமில்லை. சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து அவருக்கும் அது தெரிந்தது. அப்படிப்பட்ட புள்ளிகளைப் பார்த்தால் அவர் எழுந்து போய்த் தேநீர் குடிப்பது வழக்கம்.

டாக்டர் பிளேட்டைத் தட்டில் வைத்தார். "இதைத் தினமும் போட்டீங்களா அண்ணா?"

"சாப்பிடும்போது போடல."

"வேற எப்போ?"

"வேலை நேரத்துல."

டாக்டரும் லேப் வேலையைப் பார்த்திருக்கிறார்; அங்கே தாடை எப்படி இறுகும் என்று தெரியும். சின்னத் திருப்புளியை எடுத்தார். வலது மூடியில் வைத்துத் திருப்பினார். அது நகரவில்லை. இடது மூடியில் வைத்தார். அது திரும்பியது. மூடி மட்டும் திரும்புகிறதா, உள்ளே இருப்பதும் சேர்ந்து திரும்புகிறதா என்று டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. தாடைக்குள் ஏதோ ஒன்று அமைதியாகத் திரும்பியது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்துடட்டுமா அண்ணா?"

அவர் தலையாட்டினார்.

பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. விரலாலேயே சுழற்றி எடுத்தார் டாக்டர். தட்டில் வைத்தபோது சின்னதாக ஒரு சத்தம். ஸ்க்ரூ பளபளவென்று சுத்தமாக இருந்தது. எலும்பு அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நடுவுல ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கணும்" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "நீங்கதானேன்னு விட்டுட்டேன்."

"என் தப்புதாம்மா."

"யார் தப்புன்னு சொல்லி இப்போ என்ன?"

மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். "டாக்டர், இன்னொண்ணு?"

"அது கெட்டியா இருக்கு. இன்னைக்குக் கெட்டியா இருக்கு."

"ஒண்ணு மேலயே நாலும் நிக்காதா?"

டாக்டர் அவரைப் பார்த்தார். பதிலை அவரே சொல்லட்டும் என்று விட்டது போல இருந்தது.

"நிக்காது" என்றார் அவர். காற்று மறுபடியும் பேச்சில் போகத் தொடங்கியிருந்தது. "ஒத்தைத் தூண்ல நாலு பல்லு ஏத்தினா அதுவும் விழும்."

"புண்ணு ஆறட்டும். படம் எடுத்துப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். "எலும்பு எவ்வளவு மிச்சமிருக்குன்னு பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் எதுவும் போடாதீங்க. நாக்கால தொட்டுத் தொட்டுப் பார்க்காதீங்க. அதுவும் பாரம்தான்."

ஆட்டோவில் வீடு வந்தார்கள். வந்ததும் மனைவி மின்விசிறியைப் போட்டுவிட்டு, முக்காலியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். மைக் குரல் எங்கோ போயிருந்தது.

"நான்தானே எல்.கே.ஜின்னு சொன்னேன்."

"நீ சொல்லாட்டியும் செஞ்சிருப்பேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. என்னைத் திட்டிடுங்க. கொஞ்சம் லேசா இருக்கும்."

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது?"

"அப்போ உங்களை நான் திட்டட்டுமா?"

"திட்டு."

அவள் திட்ட முயன்றாள். "உங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள். எழுந்து போய்க் கஞ்சியைச் சுடவைத்தாள்.

மறுநாள் பிளேட்டை லேபுக்கு எடுத்துப் போனார். ஷேடுவிடம் நீட்டினார். "நீ தேய்ச்சுக் கெடுத்துடு. என் கைக்கு வரல."

ஷேடு அதை வாங்கிக் கீல் கருவியில் இருந்த அச்சின்மேல் மாட்டினான். மூடினான். ‘டக்’ என்றது. திறந்து மறுபடி மூடினான். "என்னமா உக்காருது பாருங்கண்ணே" என்றான். கேலியாகத் தொடங்கியவன் அதே குரலில் முடிக்கவில்லை. "எனக்கும் மனசு வரலண்ணே."

"பிளாஸ்டருக்கு என்ன? எவ்வளவு கடிச்சாலும் தாங்கும்."

பிளேட் அச்சோடு ஜன்னல் ஓரத்திலேயே இருந்துவிட்டது. மதியம் வெயில் படும்போது அந்த நான்கும் வாய்க்குள் இருக்கிற பல்லைப் போலவே ஈரமாக மின்னின. அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு வேறு யாருடைய பல்லையோ செதுக்கினார். செதுக்கும்போது தாடை இறுகியது. வாயை லேசாகத் திறந்து வைத்தார். மூன்று நிமிஷம் கழித்துப் பார்த்தால் மறுபடி மூடியிருந்தது. இப்போது மூடினாலும் முன்னால் சந்திக்க எதுவும் இல்லை. இருந்தாலும் திறந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அவர் கை தானாக மேலே போனது.

"அப்பா? மறுபடியும் ஃபேன்தான் தெரியுது."

மனைவி எட்டிப்பார்த்து, நிலையத்துக் குரலை வரவழைத்துக்கொண்டாள். "பயணிகள் கவனத்திற்கு. பராமரிப்புப் பணி காரணமாக அப்பாவின் வாய் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "எப்போ திறக்கும்?" என்று கேட்டாள்.

அதற்கு மனைவியிடம் அறிவிப்பு எதுவும் இல்லை. அவள் அவரைப் பார்த்தாள்.

"பார்க்கலாம்மா" என்றார் அவர், நெற்றியைக் காட்டியபடி. "எலும்பைக் கேட்டுச் சொல்றேன்."

மனைவியும் மகளும் வேறு எதையோ பேசத் தொடங்கினார்கள். வாய்க்குள் அவருடைய நாக்கு கிளம்பியது. தொடாதீங்க என்றிருந்தார் டாக்டர். தெரியும். பல்லை இறுக்கி நாக்கைப் பின்னால் இழுத்தார். அது கொஞ்ச நேரம் அடங்கிக் கிடந்தது. பிறகு மெல்ல முன்னால் நகர்ந்து, வலது பக்கம் தனியாக நின்ற அந்தச் சின்ன மூடியைத் தொட்டது. தள்ளியது.

ஏதோ அசைந்தது. அசைந்தது மூடியா, நாக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இன்னொரு முறை தள்ளிப் பார்க்க வேண்டும்.